கல்லும் மாறும்

பழைய எரிமலைப் பாறைகளின் மெல்லிய உருமாற்றம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நிலைத்ததொரு பொருளுக்கு உவமை கூற வேண்டின் கல்லை எடுத்துக் காட்டுதல் நம்மவர் வழக்கம். அழியாத சொல்லைக் கல்லில் எழுதிய எழுத்து என்போம். இரங்காத மனத்தைக் கல்மனம் என்போம். பண்டை அரசர் தம் கொடைகளை ஓலையில் எழுதியதோடு அமையாது கோயிற் சுவர்களிலும் வெட்டுவித்தது, கல் மாறாது என்னும் துணிபு பற்றியேயாம். ஆனால், நிலநூல் பயிலப் புகும் மாணவன் முதலிற் கற்கும் பாடமோ இதற்கு நேர்மாறானது. கல்லும் மாறும், சூடும் அமுக்கமும் நீரும் காலமும் கூடுமிடத்து, ஒரு கல் உருகாமலே வேறொரு கல்லாகிவிடும். இம்மாற்றத்தையே உருமாற்றம் என வழங்குகின்றோம்.

உருமாற்றத்தில் வன்மையும் உண்டு, மென்மையும் உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையின் கருநீலக் கல்லைக் கண்டிராதார் நம்மிற் சிலரே. தாமஸ் ஹாலண்டு என்னும் ஆங்கில நிலநூலறிஞர் 1893-ஆம் ஆண்டில் அதற்குச் சார்னொகைட்டு எனப் பெயரிட்டார். நிலத்தின் அடியிற் பல மைல் ஆழத்தில், 700 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்திற் புழுங்கி எழுந்த கல் அது. அதன் முந்திய வடிவம் இன்னதென அதன் முகத்தைப் பார்த்துக் கூறுதல் அரிது. வன்மையான உருமாற்றம் பழைய கையெழுத்தைத் துடைத்துவிட்டுப் புதிது எழுதும் இயல்பினது. மெல்லிய உருமாற்றம் அத்தகையதன்று. அது பழைய எழுத்தின்மேல் மெல்லெனப் புதிய எழுத்தை எழுதுகின்றது. உற்று நோக்குவார்க்கு இரண்டும் தெரியும். இம்மென்மாற்றத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூறக் கருதினோம்.

இதை ஆராய்வதாற் பயன் என்னை என வினவலாம். பூமியின் இளமைக் காலத்தைக் கண்டு எழுதி வைத்தவர் எவருமிலர். எஞ்சியுள்ள சாட்சி கற்களே. அப்பழங்கற்களுள் எரிமலைக் குழம்பு உறைந்து ஆனவை மிகப் பல. அவற்றுள் ஒன்றேனும் பிறந்த நாளில் இருந்தபடியே இன்றும் இருப்பது அருமையினும் அருமை. ஆகவே, மாறிவிட்ட ஒரு சாட்சியின் சொல்லில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்னும் வினா நிலநூலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகின்றது. இதற்கு விடை காணச் சிறந்ததோர் இடம், வட அமெரிக்காவிலுள்ள ஸுபீரியர் ஏரியின் தென்கரையில், மிஷிகன் நாட்டைச் சேர்ந்த கீவினா என்னும் முனைநிலமாகும்.

1. குழம்பு உறைந்த வகை

இற்றைக்குச் சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளக்கத் தொடங்கியது. பிளவு முற்றுப்பெற்றிருந்தால் இடையில் ஒரு கடல் தோன்றியிருக்கும். முற்றுப் பெறவில்லை. ஆயினும் பிளவின் வழியே அளவிறந்த பாஸால்ட்டுக் குழம்பு வெளிப்பட்டுத் தாழ்ந்த நிலமெங்கும் பரவியது. ஒன்றன்மேல் ஒன்றாக இருநூற்றுக்கு மேற்பட்ட படலங்கள் கீவினாவில் எண்ணப்பட்டுள்ளன. பின்னர் அப்படுகையின் நடு தாழ்ந்தமையால், படலங்கள் ஓர் ஓடம்போல வளைந்தன. கீவினாவில் அவை வடமேற்கு நோக்கிச் சரிந்து ஏரியின் அடியில் மறைகின்றன. ஏரிக்கு அப்பால் ஐல் ராயல் என்னும் தீவில் தென்கிழக்கு நோக்கிச் சரிந்தவையாய் மீண்டும் தலைகாட்டுகின்றன. ஓர் ஓடத்தின் இரு விளிம்புகளை இரு கரையிலும் நின்று காண்பது போன்றது இக்காட்சி.

ஒவ்வொரு படலத்தின் அமைப்பையும் நோக்குவோம். குழம்பு வெளிப்படும்பொழுது அதனுட் கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாகி மேலெழுகின்றன. மேற்புறம் விரைவில் உறைதலால் குமிழிகள் வெளியேற மாட்டாமல் அங்கேயே சிறைப்படுகின்றன. நடுப்பகுதியோ மெல்லக் குளிர்ந்து, குமிழியற்ற திண்ணிய கல்லாகின்றது. எனவே ஒவ்வொரு படலமும், மேலே ஆப்பத்தின் நடுப்போல் துளை நிறைந்தும், உள்ளே இறுகித் திண்மையுற்றும் இருக்கும். இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துக. பின்வரும் வரலாறு முழுவதும் இதனைப் பற்றியே நடக்கின்றது.

2. நீர் செய்த வேலை

புதிதாய் உறைந்த பாஸால்ட்டு கறுத்த நிறமுடையது. அதன் முதன்மையான உறுப்புகள் சுண்ணமும் சோடியமும் கலந்த பெல்ஸ்பார், பைராக்சீன், ஒலிவின் என்பன. இடையிடையே கண்ணாடி போன்ற பகுதியும் உண்டு. இவை யாவும் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் பிறந்தவை. இவற்றில் நீர் மிகக் குறைவு. பிறந்த நிலைமைக்கு இவை பொருந்தியவையேயன்றிக் குளிர்ந்த நிலத்திற்கும் நீருக்கும் பொருந்தியவையல்ல.

மேன்மேலும் படலங்களும், அவற்றின்மீது மணலும் கூழாங்கற்களும் குவிந்தமையால், கீழ்ப்படலங்கள் ஆழத்தில் அமிழ்ந்தன. ஆழம் மிகுதலால் வெப்பமும் மிகுந்தது. ஆயினும் அது கல்லை உருக்கும் வெப்பமன்று. ஏறத்தாழ 100 முதல் 300 பாகை வரையிற் பட்ட மெல்லிய சூடே. இச்சூட்டில் உலர்ந்த கல் நெடுங்காலம் மாறாதிருக்கும். மாற்றத்தை நிகழ்த்தியது நீர். வெந்நீர் துளைகளின் வழியாகவும் வெடிப்புகளின் வழியாகவும் புகுந்து, பழைய கனிப்பொருள்களைக் கரைத்தது. கரைத்தவற்றையே வேறு வகையாகக் கூட்டிப் புதிய கனிப்பொருள்களாகப் படிவித்தது.

பெல்ஸ்பாரிலிருந்த சுண்ணம் வெளியேற, அவ்விடத்தில் சோடியம் புகுந்தது. அது ஆல்பைட்டு என்னும் வேறு பெல்ஸ்பாராயிற்று. ஒலிவினும் கண்ணாடிப் பகுதியும் நீரை ஏற்றுக் குளோரைட்டு என்னும் பசிய கனிப்பொருளாயின. வெளிப்பட்ட சுண்ணம் எங்கே போயிற்று? அது அலுமினியத்தோடும் சிலிக்காவோடும் நீரோடும் கூடி, லோமொண்டைட்டு, பம்பெல்லியைட்டு, பிரேனைட்டு, எபிடோட்டு எனப் பல பெயர் கொண்ட கனிப்பொருள்களாய்க் குமிழிகளின் வெற்றிடங்களில் வந்து தங்கிற்று. கறுத்த கல் பச்சை பூத்தது. வெற்றுத் துளைகள் வெண்மையும் பசுமையும் இளஞ்சிவப்பும் கொண்ட மணிகளால் நிரம்பின. வாதுமைப் பருப்பின் வடிவுடைய அம்மணிகளை நோக்கி, வாதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, இத்தகைய கல்லுக்கு அமிக்டலாய்டு என்று பெயரிட்டனர் மேனாட்டார்.

இவ்வளவு மாறியும் பழைய வடிவு அழியவில்லை என்பதே வியப்பு. பெல்ஸ்பாரின் நீண்ட படிகங்கள் இன்றும் நீண்ட வடிவிலேயே கிடக்கின்றன. உள்ளிருக்கும் பொருள்தான் வேறு. குமிழிகள் மேற்புறத்தில் நெருங்கியிருப்பதால், படலத்தின் மேல் எது, கீழ் எது என்று இன்றும் கூறலாம். வீட்டின் சுவரும் கூரையும் நிற்க, உள்ளே குடியிருந்தவர் மட்டும் மாறினாற்போல்வது இது. வீட்டைப் பார்த்துக் கட்டியவனையும், குடியிருப்போரைப் பார்த்துப் பின்வந்த காலத்தையும் நாம் அறிந்துகொள்கின்றோம்.

3. பதம் பார்த்தல்

வெல்லப்பாகு காய்ச்சும் மூதாட்டியிடம் வெப்பமானி இல்லை. ஆயினும், பாகைத் தொட்டும் நீரில் விட்டும் பார்த்து, கம்பிப் பதம் என்றும் உருண்டைப் பதம் என்றும் தவறாது கூறுவாள். பாகிலுள்ள நீர் குறையக் குறையப் பதம் முதிர்கின்றது. மெல்லிய உருமாற்றத்திலும் இதனையொத்ததொரு முறை உண்டு.

மேற்கூறிய சுண்ணக் கனிப்பொருள்களிலுள்ள நீரின் அளவை நோக்குக. லோமொண்டைட்டின் எடையில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு நீர். பம்பெல்லியைட்டில் 6 அல்லது 7 பங்கு. பிரேனைட்டில் 4 பங்கிற்குச் சிறிது மேல். எபிடோட்டில் 2 பங்கு அளவே. பொதுவாகக் கூறுமிடத்து, சூடு குறைந்த இடத்தில் நீர் மிக்க லோமொண்டைட்டும், சூடு ஏறிய இடத்தில் நீர் குறைந்த எபிடோட்டும் நிலைபெறுகின்றன. பம்பெல்லியைட்டும் பிரேனைட்டும் இடைப்பட்டவை. ஆகவே, குமிழித் துளையில் எக்கனிப்பொருள் உளது என்று கண்டால், அக்கல் எப்பதம் வரையிற் காய்ந்தது என்று ஒருவாறு கூறலாம். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன அடுப்பின் சூட்டை இன்று அளந்தறிவதற்கு இதனினும் எளிய வழி யாது?

இம்முறை ஒரு நாளில் உருவானதன்று. 1870-களில் ரபேல் பம்பெல்லி என்னும் அமெரிக்க அறிஞர், கீவினாவின் துளைமணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எது முன் படிந்தது, எது பின் படிந்தது என வரிசைப்படுத்தினார். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அவ்வரிசையைப் பொறுமையோடு தேடிய அவர் பெயரையே, 1925-ஆம் ஆண்டில் அவ்விடத்தே புதிதாய் அறியப்பட்ட கனிப்பொருளுக்கு இட்டுப் பம்பெல்லியைட்டு என்றனர். பின்லாந்து நாட்டுப் பென்டி எஸ்கோலா, ஒரே வெப்பத்திலும் அமுக்கத்திலும் அமைந்த கற்களை அவற்றின் கனிப்பொருட் கூட்டங்களால் அறியலாம் என்னும் கொள்கையை 1915-இல் வெளியிட்டார். ஆயினும், மிக மெல்லிய மாற்றமடைந்த கற்களை, வெயிலிலும் மழையிலும் சிதைந்தவை என்று பலர் புறக்கணித்து வந்தனர். நியூஸிலாந்து நாட்டு டக்ளஸ் கூம்ஸ் என்பார் 1954-இல் அந்நாட்டின் தென்பகுதிப் பாறையடுக்குகளை ஆராய்ந்து, ஆழம் மிகுதோறும் கனிப்பொருள்கள் ஓர் ஒழுங்கில் மாறுவதை விளக்கிய பின்னரே, இது சிதைவன்று, முறையான உருமாற்றமே என்பது நன்கு நிலைநாட்டப்பட்டது. பலர் குப்பையென ஒதுக்கியதில் ஒழுங்கைக் கண்டவர் பெற்ற பேறு இது.

4. செம்பின் வரவு

கீவினாவின் பெயர் உலகெங்கும் பரவியது இக்கனிப்பொருள்களாலன்று; அவற்றோடு கலந்து கிடந்த செம்பினாலேயே. பிற நாடுகளிற் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு கூடிய தாதுவாகக் கிடைக்கும். இங்கேயோ அது தனிச் செம்பாகவே, உருக்கிப் பிரிக்க வேண்டாத உலோகமாகவே, குமிழித் துளைகளிலும் கூழாங்கல் அடுக்குகளின் இடைவெளிகளிலும் அடைந்து கிடந்தது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒற்றைப் பாளங்களும் உண்டு. அவற்றை வெடிமருந்தாற் பிளக்க இயலாது, உளிகொண்டு பல நாள் வெட்டி எடுத்தனர்.

இச்செம்பு எங்கிருந்து வந்தது? பாஸால்ட்டில் இயல்பாகவே செம்பு உண்டு. ஆனால் பத்து இலட்சம் பங்கிற் சில பத்துப் பங்குகளே. ஆழத்திலிருந்த படலங்கள் உருமாறியபொழுது, வெந்நீர் அச்சிறு பங்குகளைக் கரைத்துத் திரட்டிற்று. கண்டத்தின் ஓரத்தில் எழுந்த நெருக்குதலால் படலங்களிற் பிளவுகள் உண்டாக, அவற்றின் வழியே நீர் மேலெழுந்து, குளிர்ந்த இடத்திற் செம்பை இறக்கி வைத்தது. குழம்பு நிலத்தின்மீது திறந்த வெளியில் உறைந்தமையால், அதிலிருந்த கந்தகத்திற் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. பற்றிக்கொள்ளக் கந்தகம் போதாமையாற் செம்பு தனித்து நின்றது. குழம்பு பரவியது ஏறத்தாழ 109½ கோடி ஆண்டுகளுக்கு முன். செம்பு படிந்தது 105 அல்லது 106 கோடி ஆண்டுகளுக்கு முன். இரண்டிற்கும் இடையே மூன்று நான்கு கோடி ஆண்டுகள் கழிந்தன. எனவே செம்பு எரிமலை தந்த நேர்க்கொடையன்று. எரிமலை அவிந்து நெடுங்காலம் சென்றபின் மெல்லிய உருமாற்றம் தந்த கொடையாகும்.

இச்செம்பை முதலிற் கண்டவர் ஐரோப்பியர் அல்லர். பல ஆயிரம் ஆண்டுகளாக அந்நாட்டுப் பழங்குடிகள் குழிதோண்டி அதனை எடுத்து, தட்டியும் அனலில் வாட்டியும் கத்தியும் ஊசியும் ஈட்டிமுனையும் செய்துவந்தனர். 1841-இல் டக்ளஸ் ஹௌடன் என்னும் நிலநூலறிஞர் இச்செம்பைப் பற்றி அரசாங்கத்திற்கு அறிக்கை விடுத்தார். அடுத்த ஆண்டில் ஓஜிப்வே மக்கள் ஓர் உடன்படிக்கையால் அந்நிலத்தை இழந்தனர்; சுரங்கம் வெட்டுவோர் திரள் திரளாக வந்தனர். ஹௌடனோ 1845-இல், தம் 36-ஆம் வயதில், அவ்வேரியின் புயலிற் படகு கவிழ்ந்து மாண்டார். 1845 முதல் 1968 வரை அங்கே வெட்டியெடுத்த தனிச்செம்பு சுமார் 1,100 கோடி இராத்தல், அதாவது ஏறத்தாழ 50 இலட்சம் டன் ஆகும்.

5. ஓர் எச்சரிக்கை

பதம் பார்க்கும் முறை எளிது என்றோம். ஆயின் எளிதென்று எண்ணி ஏமாறுதலும் எளிது. கீவினாவில் ஒரே படலத்தின் மேற்புறத்தையும் நடுவையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர் ஒரு புதுமை கண்டனர். துளை நிறைந்த மேற்புறத்தில் எபிடோட்டும் படிகக்கல்லும் நிறைந்திருக்க, சில அடி கீழே திண்ணிய நடுப்பகுதியிற் பம்பெல்லியைட்டும் குளோரைட்டும் காணப்பட்டன. சிலவிடத்துப் பழைய பைராக்சீனும் மாறாதே நின்றது. இரண்டும் ஒரே ஆழத்திற் கிடந்தவை; ஒரே சூடு பட்டவை. எபிடோட்டைக் கண்டவுடனே சூடு மிகுந்தது என்று முடிவு செய்தவன், ஒரே கல்லுக்கு இரு சூடுகள் கூறவேண்டி வரும்.

வேறுபாட்டிற்குக் காரணம் நீரின் வரவே. துளைகளின் வழியே நீர் மிகுதியாக ஓடியவிடத்து, கல்லின் சேர்க்கையே மாறிற்று. சில தனிமங்கள் போயின, சில வந்தன. நீர் அரிதாய்ப் புகுந்தவிடத்து மாற்றம் பாதியில் நின்றது. ஆகவே கனிப்பொருள் ஒன்றை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. அதனோடு உடனிருப்பவை யாவை, அவை ஒரே காலத்தனவா, கல்லின் முழுச் சேர்க்கை யாது, நீர் எவ்வழி வந்தது என்பனவற்றையும் ஒருங்கு வினவ வேண்டும். சோடியமும் சுண்ணமும் நீரோடு எளிதில் இடம்பெயர்வன. அவற்றின் இன்றைய அளவைக்கொண்டு பழைய குழம்பின் இயல்பைத் துணிதல் தவறு. டைட்டேனியம், சிர்க்கோனியம் முதலியன பெரும்பாலும் இடம்பெயராதவை. அவற்றின் சாட்சி வலிது. மாறிய சாட்சியின் சொல்லை முழுதும் தள்ளுதலும் பேதைமை, முழுதும் கொள்ளுதலும் பேதைமை. எது மாறும், எது மாறாது என்று முன்னரே அறிந்து வினவுதலே அறிவுடைமை.

6. எஞ்சியது

சுரங்கங்கள் மூடப்பட்டன, ஆயினும் அவற்றின் கதை முடியவில்லை. செம்பை எடுக்கக் கல்லை இடித்து மணலாக்கி, அம்மணலை ஏரியிற் கொட்டினர். கே என்னும் ஒரே ஊரில் மட்டும் இரண்டேகால் கோடி டன் மணல், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிற் கொட்டப்பட்டது. அலையும் நீரோட்டமும் அதனைக் கரையோரமாக நகர்த்தி, மீன்கள் முட்டையிடும் பபலோ என்னும் நீரடிப் பாறைத்திட்டை மூடி வருகின்றன. மணலில் எஞ்சிய செம்பு சிறிதே; எனினும் மீன்குஞ்சுகளுக்கு அது நஞ்சு. அம்மீனை நம்பி வாழ்வோருள், ஒரு காலத்தில் அந்நிலத்தை இழந்த ஓஜிப்வே மக்களும் உளர். பல கோடி ஆண்டுகளில் நீர் மெல்ல மெல்லப் பூட்டி வைத்ததை, நூறு ஆண்டுகளிற் பெயர்த்தெடுத்து இறைத்ததன் விளைவு இது. எதனை எவ்வாறு இயற்கை சேர்த்து வைத்தது என்று அறிவது, அதனை எடுப்பதற்கு மட்டுமன்று. எடுத்தபின் வருவதை எதிர்நோக்குவதற்கும் வேண்டப்படுவதாம்.

மாணவ நண்பர்காள்! இவ்வகைக் கற்களைக் காணக் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. புனாவையும் நாசிக்கையும் சூழ்ந்த தக்கணத்து எரிமலைப் படலங்கள் ஏறத்தாழ 6½ கோடி ஆண்டு முதியவை. கீவினாவினும் மிக இளையவை. மாற்றமும் அதனினும் மெல்லியது. அவற்றின் குமிழித் துளைகளில் விளைந்த சியோலைட்டுப் படிகங்கள் உலகின் பொருட்காட்சிச் சாலைகள் பலவற்றை அணிசெய்கின்றன. அப்பக்கம் இரயிலிற் செல்வோர், மலையை வெட்டிய இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த கருங்கல்லைக் காண நேரின், வெறுங்கல் என்று முகம் திருப்பற்க. ஒரு கைக்கண்ணாடி கொண்டு ஒரு துளையின் ஓரத்திலிருந்து நடுவரை நோக்குக. ஓரத்திற் படிந்தது முன் வந்தது. நடுவிற் படிந்தது பின் வந்தது. பம்பெல்லி தொடங்கிய இடமும் அதுவே. சொல்லப்போனால், இக்கலைக்கு வேண்டிய முதற் கருவிகள் கண்ணும் பொறுமையுமன்றி வேறல்ல.

கல் மாறாதது என்று நம் முன்னோர் கருதியது முழுதும் பிழையுமன்று. மாறியும் தன் பழைய வரலாற்றைக் கைவிடாத பொருளாகக் கல் நிற்கின்றது. அவ்வரலாற்றைப் பிழையின்றிப் படிக்கும் கடமை நம்மைச் சேர்ந்தது.